இரண்டு துளை போட்ட டின்னும் வீட்டில் கட்டிய விமானமும்

ஒட்டுக்கடையில் தே தாரேக் கலக்கும் அண்ணனைக் கவனித்திருக்கிறீர்களா? புதிய இனிப்புப் பால் டின்னை எடுத்தால், அதன் மூடியில் ஒரு துளையோடு நிறுத்தமாட்டார். எதிரெதிர் ஓரங்களில் இரண்டு துளை போடுவார். பால் ஒரு துளை வழியாகத்தான் வெளியே வரும். அப்படியானால் மற்றத் துளை எதற்கு?

என் படிவம் 4 மாணவர்களிடம் இந்தக் கேள்வியைக் கேட்டேன். "ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்றைப் பயன்படுத்தலாம் டீச்சர்" என்றான் ஒருவன். கெட்டிக்காரப் பதில்தான், ஆனால் சரியான பதில் இல்லை. பால் வெளியேறும்போது டின்னுக்குள் ஓர் இடம் காலியாகிறது. அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவேண்டும். வரவில்லையென்றால் உள்ளே அழுத்தம் குறைந்துவிடும், வெளியிலுள்ள காற்று பாலை வெளியே வரவிடாமல் தடுக்கும். மற்றத் துளை காற்றுக்கு.

இந்தச் சின்ன விஷயத்தை மறந்தால் பறந்துகொண்டிருக்கும் விமானத்தின் இயந்திரமும் நின்றுவிடும். பெரிய நிறுவனங்கள் தயாரிக்கும் போயிங், ஏர்பஸ் விமானங்களைப் பற்றி நான் சொல்லவில்லை. சாதாரண மனிதர்கள் தங்கள் வீட்டுக் கார் கொட்டகையில் சொந்தக் கையால் கட்டும் சிறு விமானங்களைப் பற்றிச் சொல்கிறேன். அந்த விமானங்களில் பலரையும் கலங்கடிக்கும் பகுதி இறக்கையோ இயந்திரமோ அல்ல, எரிபொருள் தொட்டிதான்.

கார் கொட்டகையில் ஒரு விமானம்

அமெரிக்காவில் ஒருவர் தனக்கான விமானத்தைத் தானே கட்டிக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வேலையின் பெரும்பகுதியை அவரே செய்திருக்க வேண்டும். அதுவும் கற்றுக்கொள்வதற்காகவோ பொழுதுபோக்காகவோ செய்திருக்க வேண்டும். கட்டி முடித்ததும் அதிகாரி வந்து சோதிப்பார். அதன்பின் சில பத்து மணி நேரம் குறிப்பிட்ட பகுதிக்குள் மட்டும் சோதனைப் பறப்பு நடக்கும். விமானத்தில் ஏறுபவர் கண்ணில் படும்படி 'எக்ஸ்பெரிமெண்டல்' என்ற சொல் பெரிதாக எழுதப்பட்டிருக்கும். ஆண்டுதோறும் விஸ்கான்சின் மாநிலத்தின் ஒஷ்கோஷ் நகரில் நடக்கும் விமான விழாவுக்கு இப்படிக் கட்டிய விமானங்கள் கூட்டம் கூட்டமாக வந்து இறங்கும்.

இவற்றில் மிகவும் பரவலானவை ஒரிகன் மாநிலத்திலுள்ள வேன்ஸ் ஏர்கிராஃப்ட் நிறுவனத்தின் ஆர்வி வகை விமானங்கள். ரிச்சர்ட் வேன்கிரன்ஸ்வென் என்ற பொறியாளர் தொடங்கிய நிறுவனம் அது. தகடுகளும் வரைபடங்களும் பெட்டிகளில் வீட்டுக்கு வரும். மீதி வேலை உங்களுடையது. ஆயிரத்துக்கும் அதிகமான மணி நேரம் பிடிக்கும். அப்படியிருந்தும் 10,000க்கு மேற்பட்ட ஆர்வி விமானங்கள் பறந்திருக்கின்றன.

இருவர் அமரும் ஆர்வி-7 விமானத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தொட்டி தனியாக உள்ளே வைக்கப்பட்ட ஒரு பெட்டி அல்ல. இறக்கையின் முன்விளிம்பே தொட்டி! இறக்கையின் வளைந்த தோல்தான் தொட்டியின் சுவர். இரண்டு இறக்கையிலும் சேர்த்து ஏறக்குறைய 159 லிட்டர் கொள்ளும். விமான பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 0.72 கிலோகிராம். பெருக்கிப் பாருங்கள், 114 கிலோகிராமுக்கு மேல் வரும். மூன்றாவது பயணி ஒருவரை இறக்கைக்குள் படுக்க வைத்ததுபோல. இந்தச் சுமையைத் தாங்கும் அலுமினியத் தகட்டின் தடிப்பு சுமார் 0.8 மில்லிமீட்டர்தான்.

தனிப் பெட்டியாக வைத்தால் என்ன? வைக்கலாம், வைத்தவர்களும் உண்டு. ஆனால் பெட்டிக்கு ஒரு சுவர், இறக்கைக்கு இன்னொரு சுவர் என்று எடை இரட்டிப்பாகும். சிறு விமானத்தில் ஒவ்வொரு கிலோவுக்கும் கணக்கு உண்டு.

கறுப்புப் பசை

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. அந்த மெல்லிய தகடு, உள்ளேயிருக்கும் விலா எலும்பு போன்ற சட்டங்களோடு நூற்றுக்கணக்கான ரிவெட்டுகளால் இணைக்கப்படுகிறது. ஒவ்வொரு ரிவெட்டுக்கும் ஒரு துளை வேண்டும். அதாவது, பெட்ரோல் கசியக்கூடாத ஒரு பாத்திரத்தில் நாமே நூற்றுக்கணக்கான துளைகளைப் போடுகிறோம்!

அவற்றை அடைக்கும் பொருளின் பெயர் பாலிசல்பைடு. பெயரிலேயே கந்தகம் இருக்கிறது, வாடையிலும் இருக்கிறது. அழுகிய முட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பகுதிகளாக வரும் இந்தப் பசையைப் பல வகைகளில் எடையில் 10க்கு 1 என்ற விகிதத்தில் கலக்க வேண்டும். கண்ணால் பார்த்துக் கலக்கக்கூடாது, தராசில் நிறுத்துத்தான் கலக்க வேண்டும். கலந்தவுடன் வேதிவினை தொடங்கிவிடும். நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கூழ் மெல்ல மெல்ல ரப்பராகும். பரவலாகப் பயன்படும் வகையில் வேலை செய்ய சுமார் 2 மணி நேரம் கிடைக்கும். அந்த நேரத்துக்குள் தகட்டைச் சுரண்டிச் சொரசொரப்பாக்கி, கரைப்பானால் துடைத்து வைத்த இடங்களில் பசையைப் பூசி, சட்டத்தைப் பொருத்தி, ரிவெட் அடித்து முடிக்க வேண்டும். பசை விரலில் ஒட்டும், கருவியில் ஒட்டும், சட்டையில் ஒட்டினால் சட்டையை மறந்துவிடலாம்.

ஏன் ரப்பர் போன்ற பொருள்? கல்போல இறுகும் பசை இன்னும் வலுவாக இருக்காதா? யோசித்துப் பாருங்கள். அலுமினியம் வெப்பத்தில் விரியும். 1 மீட்டர் நீளமுள்ள தகடு, 40 டிகிரி செல்சியஸ் வெப்பநிலை மாறினால் ஏறக்குறைய 0.9 மில்லிமீட்டர் நீளும் அல்லது சுருங்கும். வெயிலில் நிற்கும் விமானம் உயரே ஏறினால் அந்த அளவு மாற்றம் சாதாரணம். அதோடு பறக்கும்போது இறக்கை வளையும், அதிரும். கல் விரிசல் விடும். ரப்பர் கூடவே அசைந்துகொடுக்கும்.

துடைக்கும் வேலையைத்தான் நான் இதில் மிக முக்கியம் என்பேன். ஒரு கைரேகையின் எண்ணெய்ப்பசை போதும், அந்த இடத்தில் பசை உலோகத்தைப் பிடிக்காது. ஆனால் பார்ப்பதற்குப் பிடித்ததுபோலவே இருக்கும். கடைசியாகத் தொட்டியின் பின்சுவரைப் பொருத்தி மூடியபிறகு உள்ளே என்ன நடக்கிறது என்று யாராலும் பார்க்க முடியாது.

ஒரு காலத்தில் இதற்குக் குறுக்குவழி ஒன்று இருந்தது. மூடிய தொட்டிக்குள் ஒருவகைத் திரவப் பூச்சை ஊற்றி, தொட்டியைக் குலுக்கி, உட்புறம் முழுக்கப் படியவைப்பார்கள். எல்லா ஓட்டையும் அடைபட்டுவிடும் என்ற நம்பிக்கை. சில ஆண்டுகள் கழித்து அந்தப் பூச்சு சில தொட்டிகளில் தோல் உரிவதுபோல உரிந்து, எரிபொருளில் மிதந்து, வடிகட்டியை அடைக்கத் தொடங்கியது. கசிவை நிறுத்தச் செய்த வேலை எரிபொருளையே நிறுத்தியது.

பலூனும் சோப்பு நீரும்

மூடிய தொட்டி கசிகிறதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்ரோலை ஊற்றிப் பார்ப்பது ஆபத்து. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகப் பரவி, எங்கோ மூலையிலுள்ள ஒரு தீப்பொறியைத் தேடிப்போகும். ஆகவே முதலில் காற்றால் சோதிப்பார்கள்.

தொட்டியின் எல்லா வாய்களையும் அடைத்துவிட்டு, ஒரே ஒரு குழாயில் மட்டும் பிறந்தநாள் பலூன் ஒன்றை மாட்டுவார்கள். பிறகு மெதுவாகக் காற்றடிப்பார்கள். பலூன் உப்பி நிற்கும். ரிவெட் வரிசைமேல் சோப்பு நீரைப் பூசினால், கசியும் இடத்தில் நுரைக்குமிழ் வரும். மோட்டார் சைக்கிள் டயருக்குப் பஞ்சர் பார்ப்பவர் செய்யும் அதே வேலைதான்.

பலூன் ஏன்? அழுத்தமானி ஒன்றை மாட்டினால் போதாதா? இங்கே அழுத்தத்தின் கணக்கைப் பார்ப்போம். வகுப்பில் 'தெக்கானான்' என்று படிக்கிறீர்களே, அதுதான். விசையைப் பரப்பளவால் வகுத்தால் அழுத்தம். திருப்பிப் போட்டால், அழுத்தத்தைப் பரப்பளவால் பெருக்க விசை. வெறும் 7 கிலோபாஸ்கல் கூடுதல் அழுத்தம் என்று வைத்துக்கொள்வோம். கார் டயரில் இருப்பதில் முப்பதில் ஒரு பங்கு. அது 1 மீட்டர் நீளமும் அரை மீட்டர் அகலமும் உள்ள தகட்டை எவ்வளவு விசையோடு தள்ளும்?

7,000 பாஸ்கலை 0.5 சதுர மீட்டரால் பெருக்கினால் 3,500 நியூட்டன். ஏறக்குறைய 350 கிலோகிராம் பொருளின் எடை! டயருக்குக் காற்றடிக்கும் பம்பைத் தொட்டியில் மாட்டிக் கவனக்குறைவாக நாலு தடவை அழுத்தினால், மாதக்கணக்கில் செய்த வேலை ஒரு நொடியில் வீங்கிப் பாழாகும். பலூன் இருந்தால் கூடுதல் காற்று அதற்குள் போய்விடும். மீறினால் வெடிக்கப்போவது பலூன்தான், தொட்டி அல்ல. சில சென் காசில் ஒரு பாதுகாப்பு வால்வு.

இன்னொரு வேடிக்கை உண்டு. மாலையில் காற்றடித்துவிட்டுத் தூங்கப் போனவர் காலையில் வந்து பார்த்தால் பலூன் சுருங்கிக் கிடக்கும். தலையில் கை வைத்துக்கொண்டு உட்காருவார். ஆனால் தொட்டி கசிந்திருக்காமலும் இருக்கலாம்! மாலையில் 30 டிகிரி, காலையில் 20 டிகிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கெல்வினில் 303 இலிருந்து 293. அழுத்தமானி மாட்டிய ஒரு மூடிய தொட்டியில் காற்றின் மொத்த அழுத்தம் 108 கிலோபாஸ்கல் இருந்தால், அது 104.4 ஆகக் குறையும். வெளிக்காற்று 101. ஆக, 7 கிலோபாஸ்கலாக இருந்த கூடுதல் அழுத்தம் 3.4 ஆகிவிட்டது. ஒரு துளிக் காற்றும் வெளியேறாமல் பாதி காணாமல் போய்விட்டது. வெப்பநிலையைக் குறித்துவைக்காதவர் இல்லாத ஓட்டையை வாரக்கணக்கில் தேடுவார். பரிசோதனை அட்டவணையில் வெப்பநிலையை ஏன் எழுதச் சொல்கிறேன் என்று முணுமுணுப்பவர்கள் இந்தப் பத்தியை இன்னொரு முறை படிக்கலாம்.

இத்தனையையும் தாண்டி ஒரு ரிவெட் கசிந்தால், ஒருநாள் அதைச் சுற்றி இறக்கையில் நீலக் கறை தெரியும். சிறு விமானங்களில் பரவலாகப் பயன்படும் பெட்ரோலுக்கு நீலச் சாயம் கலந்திருப்பார்கள். அதன் வகையை அடையாளம் காணச் சேர்த்த சாயம், கசிவையும் காட்டிக்கொடுக்கும்.

இரண்டாவது துளை

இனி பால் டின்னுக்கு வருவோம். ஒரு சொட்டும் கசியாத தொட்டியைக் கட்டியாயிற்று. அதில் வேண்டுமென்றே ஒரு துளை போட்டு, காற்றுக் குழாய் ஒன்றை வெளியே விட வேண்டும். ஆர்வி-7 இன் இறக்கை கீழே இருக்கிறது, இயந்திரம் அதைவிட மேலே. எரிபொருள் தானாக மேலே ஏறாது, பம்பு உறிஞ்ச வேண்டும். காற்றுக் குழாய் அடைபட்டிருந்தால் என்ன ஆகும்?

தொட்டியில் 10 லிட்டர் அளவுக்குக் காற்று இருக்கிறது என்போம். பம்பு 1 லிட்டர் பெட்ரோலை உறிஞ்சியதும் அதே காற்று 11 லிட்டர் இடத்தில் பரவ வேண்டும். அழுத்தம் 101 இலிருந்து சுமார் 92 கிலோபாஸ்கலுக்கு இறங்கும். பெட்ரோல் ஆவியைக் கணக்கில் சேர்க்காமல் சொல்கிறேன், சேர்த்தால் எண் கொஞ்சம் மாறும். 9 கிலோபாஸ்கல் வித்தியாசம் என்றால், முன்பு பார்த்த அதே அரை சதுர மீட்டர் தகட்டை வெளிக்காற்று 450 கிலோகிராம் எடைக்கு ஈடான விசையோடு உள்ளே அழுத்தும். ஒன்று தொட்டி நசுங்கும், அல்லது பம்பு உறிஞ்ச முடியாமல் இயந்திரம் நிற்கும். தொட்டியில் பெட்ரோல் நிறைய இருக்கும்போதே!

இதைச் செய்யக்கூடிய எதிரி யார் தெரியுமா? குளவி. நம் வீட்டு ஜன்னல் ஓரத்திலும் சாவித் துவாரத்திலும் மண்கூடு கட்டுமே, அதே இனந்தான். விரல் நுழையும் அளவுள்ள குழாய் அதற்கு மாளிகை. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் விமான நிலையத்தில் பெரிய விமானங்களின் வேகம் அளக்கும் குழாய்களிலேயே குளவிகள் கூடு கட்டித் தொல்லை கொடுத்திருக்கின்றன. அதனால்தான் காற்றுக் குழாயின் வாயில் மெல்லிய கம்பிவலை வைப்பார்கள். பறக்கும் முன் விமானி குனிந்து அதைப் பார்ப்பார்.

அடியில் தங்கும் நீர்

காற்று உள்ளே வந்தால் ஈரமும் கூடவே வரும். இரவில் குளிரும்போது அது தொட்டிச் சுவரில் துளித்துளியாகப் படியும். மழையில் நிறுத்திய விமானமென்றால் மூடியின் ஓரத்திலும் நீர் இறங்கலாம். நீரின் அடர்த்தி 1, பெட்ரோலின் அடர்த்தி 0.72. நீர் அடியில் தங்கும். குழாய் எரிபொருளை எடுப்பதும் அடியிலிருந்துதான். இயந்திரம் நீரைக் குடித்தால் நின்றுபோகும்.

தொட்டியின் ஆகத் தாழ்ந்த இடத்தில் ஒரு சின்ன வடிகால் வால்வு இருக்கும். பறக்கும் முன் ஒரு கண்ணாடிபோன்ற குழலில் கொஞ்சம் எரிபொருளைப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பார்கள். நீல நிறத்தின் அடியில் நிறமற்ற குமிழ் உருண்டால் அது நீர். ஆனால் வால்வு மட்டும் போதாது. உள்ளேயிருக்கும் சட்டங்களின் கீழ்மூலைகளில் சிறு இடைவெளி விட்டிருந்தால்தான் நீர் ஒவ்வோர் அறையாகக் கடந்து வால்வை வந்தடையும். பசையைத் தாராளமாக அப்பிய கட்டுநர் அந்த இடைவெளியையும் சேர்த்து அடைத்துவிட்டால், ஓர் அறையில் நீர் சிறைப்பட்டுக் கிடக்கும். விமானம் ஒருபக்கம் சாயும்போது வெளியே வரும்.

அதற்காகச் சட்டங்களே வேண்டாம் என்றும் சொல்ல முடியாது. தட்டு நிறைய சூப்பை எடுத்துக்கொண்டு வேகமாக நடந்து பாருங்கள். தடுப்பில்லாத தொட்டியில் 50 கிலோகிராம் பெட்ரோல் அப்படித்தான் அலையடிக்கும்.

நுரையைக் கரைக்கும் பெட்ரோல்

எல்லாரும் அலுமினியத்தில் கட்டுவதில்லை. பர்ட் ரூட்டன் என்ற அமெரிக்க வடிவமைப்பாளர் நுரைப் பலகையின்மேல் கண்ணாடி இழையையும் எப்போக்சிப் பசையையும் பூசி விமானம் கட்டும் முறையைப் பிரபலமாக்கினார். அவருடைய லாங்-ஈஸி விமானத்தில் இறக்கை முன்னால் அல்ல, பின்னால். உந்துவிசைச் சுழலியும் பின்னால். முதல்முறை பார்ப்பவர்கள் விமானம் பின்பக்கமாகப் பறக்கிறது என்றே நினைப்பார்கள்.

அதன் இறக்கையின் உள்ளே இருப்பது போலிஸ்டைரீன் நுரை. சூடான கம்பியால் வெண்ணெய்போல வெட்டலாம். ஆனால் பெட்ரோல் பட்டால் கரைந்து கூழாகிவிடும். உணவு பொட்டலம் கட்டும் வெள்ளைப் பெட்டியும் இதே பொருள்தான். நான் ஆய்வகத்தில் ஒரு சிறு துண்டை அசிட்டோனில் போட்டுக் காட்டுவேன், கண்முன்னே காணாமல் போகும். இதை வீட்டில் பெட்ரோலைக் கொண்டு செய்துபார்க்காதீர்கள். இதனால்தான் எரிபொருள் தங்கும் பகுதிக்கு மட்டும் ரூட்டன் வேறு வகை நுரையைக் குறிப்பிட்டார். மலிவாகக் கிடைக்கிறதே என்று யாராவது மாற்றி வைத்தால், தொட்டியின் சுவரைத் தொட்டியே தின்றுவிடும்.

ரூட்டன் வடிவமைத்த இன்னொரு விமானம் வோயேஜர். அது ஏறக்குறைய முழுவதும் தொட்டிதான். 1986 டிசம்பரில் அவருடைய அண்ணன் டிக் ரூட்டனும் ஜீனா யேகரும் வழியில் எங்கும் இறங்காமல், எரிபொருள் நிரப்பாமல் 9 நாளில் உலகைச் சுற்றினார்கள். கிளம்பும்போது விமானத்தின் மொத்த எடை சுமார் 4,400 கிலோகிராம். அதில் ஏறக்குறைய 3,180 கிலோகிராம் எரிபொருள், 17 தொட்டிகளில். ஒரு தொட்டி காலியாகும்போது விமானத்தின் ஈர்ப்பு மையம் நகரும். ஆகவே இருவரும் தொட்டி விட்டுத் தொட்டி எரிபொருளை மாற்றிக்கொண்டே பறந்தார்கள். இறங்கியபோது மிச்சம் இருந்தது 50 கிலோகிராமுக்கும் குறைவு.

தோளுக்குப் பின்னால் ஒரு திருகு

தொட்டியில் எவ்வளவு இருக்கிறது என்று விமானிக்கு எப்படித் தெரியும்? எளிய வழி, பக்கவாட்டில் ஒரு கண்ணாடிச் சன்னல். திரவத்தின் மட்டம் தெரியும். ஆனால் மட்டம் வேறு, கொள்ளளவு வேறு. தொட்டியின் குறுக்குவெட்டு ஆங்கில 'வி' எழுத்துபோல இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நிறைந்தால் 40 லிட்டர். மட்டம் பாதி உயரத்தில் நிற்கிறது. எவ்வளவு மிச்சம்? 20 என்று சொல்ல நாக்கு துடிக்கும். உயரம் பாதியானால் அகலமும் பாதி, பரப்பளவு கால்பங்கு. ஆக 10 லிட்டர்தான். மணிக்கு 30 லிட்டர் குடிக்கும் இயந்திரத்துக்கு அது 40 நிமிடம் அல்ல, 20 நிமிடம். அதனால் பொறுமைசாலிக் கட்டுநர்கள் காலித் தொட்டியில் சிறிது சிறிதாக அளந்து ஊற்றி, ஒவ்வொரு மட்டத்துக்கும் ஒரு கோடு போட்டு எண் எழுதுவார்கள்.

1997 அக்டோபர் 12. கலிபோர்னியாவின் மான்டெரே விரிகுடா. புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், பழையதாக வாங்கிய ஒரு லாங்-ஈஸியில் தனியாகக் கிளம்பினார். வேறொருவர் கட்டிய விமானம் அது. டென்வருக்கு 2,700 மணி நேரத்துக்கு மேல் பறந்த அனுபவம் இருந்தது, ஆனால் இந்த வகை விமானத்தில் மிகக் குறைவு. சுமார் ஒரு மணி நேரம்தான் பறக்கப் போகிறேன், எரிபொருள் வேண்டாம் என்று கிளம்பும் முன் சொல்லியிருந்தார்.

லாங்-ஈஸியில் இடம், வலம் என இரண்டு தொட்டிகள். எதிலிருந்து எடுப்பது என்று மாற்ற ஒரு திருகு உண்டு. ரூட்டனின் வரைபடத்தில் அது விமானியின் கால்களுக்கு நடுவே, முன்பக்கம், கைக்கெட்டும் இடத்தில் இருக்கும். இந்த விமானத்தைக் கட்டியவர், விமானி அமரும் இடத்துக்குள் எரிபொருள் குழாய் வரவேண்டாம் என்று நினைத்தார். தீ விபத்தை நினைத்தால் அது நியாயமான எண்ணமே. ஆனால் அதனால் திருகு விமானியின் இடது தோளுக்குப் பின்னால் போய்விட்டது. இடத் தொட்டிக்கு மாற்ற அதை வலப்பக்கம் திருப்ப வேண்டும், வலத் தொட்டிக்குக் கீழ்ப்பக்கம். எது எதற்கு என்று எதுவும் எழுதப்படவில்லை. மட்டம் காட்டும் சன்னல்கள் பின்னிருக்கையில் இருந்தன, அவற்றிலும் அளவுக் கோடுகள் இல்லை. முன்னால் இருந்தபடி அவற்றைப் பார்க்கக் கண்ணாடி ஒன்று அவரிடம் கொடுக்கப்பட்டிருந்தது.

விமானம் கடலில் விழுந்தது. டென்வர் இறந்தார். அவருக்கு 53 வயது. அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் விசாரணை இப்படி விளக்கியது. திருகைத் தொட விமானி கட்டுப்பாட்டுக் கோலை விட்டுவிட்டு, வலது கையை இடது தோளுக்கு மேலே நீட்டி, உடலைத் திருப்ப வேண்டியிருந்தது. அப்படித் திரும்பும்போது வலது கால் தன்னையறியாமல் மிதிகட்டையை அழுத்தியிருக்கிறது. விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. எரிபொருள் நிரப்பாதது, இந்த விமானத்தில் பயிற்சி போதாதது, திருகை வைத்த இடம், குறியீடு இல்லாதது எல்லாவற்றையும் அறிக்கை பட்டியலிட்டது. அந்தப் பட்டியலில் ஒட்டாத பசையோ கசிந்த ரிவெட்டோ இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இந்தக் கதையைச் சொன்னபோது வகுப்பு அமைதியாக இருந்தது. "திருகு சரியான இடத்தில் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பாரா டீச்சர்?" என்று முன்வரிசையில் ஒரு மாணவி கேட்டாள். அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது, பல காரணங்கள் சேர்ந்தன என்றேன். அவளுக்குத் திருப்தி இல்லை. "இடம் மாற்றுவது பெரிய வேலை, சரி. ஆனால் இடம், வலம் என்று எழுதி ஒட்ட எவ்வளவு நேரம் ஆகும்?" என்றாள். பள்ளி மணி அடித்துவிட்டது.

மறுநாள் காலை ஆய்வகத்தைத் திறந்தேன். மேசைகளில் உள்ள எரிவாயுத் திருகுகள் ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிறு வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. ஒரு பக்கம் 'திற', மறுபக்கம் 'மூடு'. கீழே அம்புக்குறி. ஒன்றில் மட்டும் அம்பு தவறான பக்கம் காட்டியது. அதைக் கிழித்துவிட்டு, புதிதாக எழுதி ஒட்டினேன்.